29 வாரத்தில் பிறந்த மகன் இன்குபேட்டர் பெட்டியில், மனைவி ஊரில்: தினமும் கூட்டிப் போகலாமா?

சங்கரன்கோவில்காரன் எழுதியது:

வணக்கம். இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவது இதுதான் முதல் தடவை. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகன் பிறந்து இன்றோடு 11 நாள். 29 வாரம், 1,140 கிராம். மனைவிக்குத் திடீரென்று பி.பி. ஏறி, காலும் முகமும் வீங்கி, உள்ளூரில் பார்த்த டாக்டரம்மா உடனே திருநெல்வேலிக்குப் போகச் சொல்லிவிட்டார். போன அன்று ஒரு ஊசி, மறுநாள் ஒரு ஊசி, குழந்தையின் நுரையீரலுக்கு என்றார்கள். மூன்றாம் நாள் காலையில் சிசேரியன். முதுகில் ஊசி போட்டுச் செய்ததால் மனைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. அழுகைச் சத்தத்துக்காகக் காத்துக் கிடந்தவளுக்குப் பூனைக்குட்டி முனகுவது மாதிரி ஒன்றுதான் கேட்டதாம். நான் பார்த்தது, ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேர் லிஃப்டுக்கு ஓடியதை மட்டும்.

இப்போது மூக்கில் சின்னக் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள், வாய் வழியாக இறங்கும் இன்னொரு குழாயில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை 8 மில்லி பால். எடை 1,040 வரை இறங்கி, இன்று 1,090. கணுக்காலில் கட்டியிருக்கும் பட்டையில் 'பேபி ஆஃப்' என்று போட்டு மனைவியின் பெயர். பட்டை கழன்று விழாமல் இருக்க மேலே பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறார்கள், கால் அவ்வளவு மெலிசு. என் கட்டைவிரல் அளவுதான் இருக்கும்.

பிரச்சினை என்னவென்றால், மனைவியை ஆறாம் நாள் டிஸ்சார்ஜ் செய்துவிட்டார்கள். இப்போது அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒன்றரை மணி நேர பஸ். பிழிந்து வைக்கும் பாலை காலை 5.40 பஸ்ஸில் நான் எடுத்துப் போகிறேன், சாயங்காலம் திரும்புகிறேன். சிஸ்டர்கள் தினமும் கேட்பது ஒரே கேள்வி: "அம்மா எப்ப வருவாங்க, கங்காரு போடணும்ல?" பிள்ளையை வெறும் நெஞ்சில் தோலோடு தோலாக வைத்துக்கொள்வதைத்தான் கங்காரு என்கிறார்கள். மாமியாரும் ஆச்சியும் விடமாட்டேன் என்கிறார்கள். பச்சை உடம்புக்காரியை பஸ்ஸில் குலுக்கிக் கூட்டிப் போனால் தையல் பிரியும், காத்துக் கருப்பு அண்டும், போனாலும் கண்ணாடி வழியாகப் பார்த்து அழுதுவிட்டுத்தான் வருவாள், அழுதால் பால் வற்றிவிடும். இதில் எது நிஜம், எது பயம் என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அவளும் வாயைத் திறப்பதில்லை. நேற்று இரவு மட்டும், "நான் போய் என்ன செய்யப் போறேன், எனக்கு அவன் மொகமே சரியா ஞாபகம் இல்ல" என்றாள்.

பாலும் குறைவுதான். ஒரு நாளைக்கு ஆறு தடவை பிழிகிறாள், ஒவ்வொரு தடவையும் 15 மில்லி வந்தால் பெரிது. இதுவரை பவுடர் கொடுக்கவில்லை, பத்தாமல் போனால் யோசிப்போம் என்கிறார்கள்.

அவள் வர முடியாவிட்டால் நான் கங்காரு போடலாமா? கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நெஞ்சில் முடி வேறு அதிகம். சிரிக்காதீர்கள்.


மல்லிகைப்பந்தல் எழுதியது:

தம்பி, முதலில் ஒரு கணக்கு. இரண்டு மணிக்கு ஒரு தடவை 8 மில்லி என்றால் நாளைக்குப் பன்னிரண்டு தடவை, மொத்தம் 96 மில்லி. உங்கள் வீட்டில் ஆறு தடவை 15 மில்லி, அது 90. பிள்ளை குடிக்கும் பாலில் ஆறு மில்லிதான் குறைகிறது. இவளையா பால் இல்லாதவள் என்கிறீர்கள்? இந்தக் கணக்கை இன்று இரவே அவளிடம் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

என் மகள் 28 வாரம், 980 கிராம், மதுரையில் 52 நாள் உள்ளே இருந்தாள். இப்போது இரண்டாம் வகுப்பு, பல் விழுந்து ஓட்டைவாயோடு திரிகிறாள். முதல் நாள் எனக்கு வந்தது அரை மில்லி சீம்பால். அதைப் போய் எப்படிக் கொடுப்பது என்று வெட்கப்பட்டு நான் கீழே கொட்டப் போனேன், சிஸ்டர் கையைப் பிடித்து நிறுத்தி சிரிஞ்சில் உறிஞ்சி எடுத்துக்கொண்டு ஓடினார். அன்றைக்கு அவள் வாயோரம் தடவியது அந்த அரை மில்லியைத்தான்.

ஆனால் இந்த 90 மில்லியோடு நிற்க முடியாது, அடுத்த வாரமே அவனுக்குக் கூடுதலாகத் தேவைப்படும். ஆறு தடவையை எட்டாக்குங்கள். ராத்திரி முழுக்கத் தூங்கவிட்டு விடாதீர்கள், இரண்டு மணியிலிருந்து நாலு மணிக்குள் ஒரு தடவை கட்டாயம், அந்த நேரத்தில்தான் பால் நன்றாக ஊறும். தூக்கக் கலக்கத்தில் அவளுக்கு எரிச்சலாக வரும், நீங்கள் கூட எழுந்து பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்தால் எரிச்சல் பாதியாகும். அப்புறம் அந்தப் பத்தியம். 'தண்ணி குடிச்சா வயித்துப் புண் ஆறாது' என்று என் அம்மா ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர்தான் கொடுத்தார், நானும் கேனச்சி மாதிரி இருந்தேன். தாகம் எடுத்தால் குடிக்க வேண்டும், மூன்று வேளையும் வயிறாரச் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான். பால்சுறாப் புட்டு, பூண்டுக் குழம்பு எல்லாம் வைத்துக் கொடுக்கட்டும், பெரியவர்களுக்கும் ஏதாவது செய்த திருப்தி வேண்டும் அல்லவா. அதனால் கெடுதல் இல்லை.

அழுதால் பால் வற்றாது. பிள்ளையைப் பார்க்காமல் இருந்தால்தான் குறையும். எனக்கு வீட்டில் இருந்தபோது 20 மில்லியைத் தாண்டியதே இல்லை. மகளை நெஞ்சில் போட்டு எழுந்த அன்று, அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்து பிழிந்தேன், 45 வந்தது. பாட்டிலை உயர்த்திப் பிடித்து அளவுக்கோட்டை மூன்று தடவை பார்த்தேன்.

நேராகச் சொல்கிறேன், கூட்டிப் போங்கள். ஆனால் பஸ் வேண்டாம், தினமும் மூன்று மணி நேரப் பயணம் அறுத்த வயிற்றுக்குக் கஷ்டம்தான், அதில் உங்கள் மாமியார் சொல்வது சரி. ஆஸ்பத்திரி பக்கத்திலேயே ஒரு சின்ன ரூம் எடுங்கள், அல்லது அம்மாக்கள் தங்க ஆஸ்பத்திரியிலேயே இடம் உண்டா என்று கேளுங்கள். நிறைய இடத்தில் இருக்கிறது, நாமாகக் கேட்காமல் சொல்வதில்லை. இன்னொன்றும் இருக்கிறது. பி.பி. ஏறிப் பிரசவம் ஆனவர்களுக்குப் பிள்ளை வெளியே வந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை, பிறகும் சில வாரங்களுக்கு ஏற வாய்ப்பு உண்டு. கடுமையான தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்றில் வலி என்று ஏதாவது வந்தால் ஒரு நிமிடம் தாமதிக்கக் கூடாது. ஆக அவள் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பது அவளுக்கும்தான் பாதுகாப்பு. ஆச்சியிடம் கங்காருவைப் பற்றிப் பேசாதீர்கள், இதைச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் இதுதான் எடுபட்டது.

முகம் ஞாபகம் இல்லை என்றாள் அல்லவா. எனக்கும் அப்படித்தான். ஒரு போட்டோ எடுக்கச் சிஸ்டரிடம் அனுமதி கேளுங்கள், ஃபிளாஷ் வேண்டாம். பால் பிழியும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டும்.


வேட்டி மடிச்சு எழுதியது:

நான் வேறு மாதிரி சொல்கிறேன், கோபப்படாதீர்கள். என் அத்தை மகன் ஏழாம் மாதம் வீட்டிலேயே பிறந்தவன். பஞ்சில் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வைத்து, சங்கில் சொட்டுச் சொட்டாகப் பால் புகட்டி வளர்த்தார்கள். இன்று லாரி ஓட்டுகிறான். ஏழு மாதத்தில் பிறந்தால் பிழைத்துக்கொள்ளும், எட்டு மாதம்தான் ஆகாது என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்? உங்கள் பையன் ஏழு மாதம், கவலைப்படாதீர்கள். ஆஸ்பத்திரிக்காரன் பார்த்துக்கொள்வான், அந்தப் பெண்ணை அலைய விடாதீர்கள்.


நைட் டியூட்டி எழுதியது:

வேட்டி மடிச்சு அண்ணே, உங்கள் அத்தைக்கு ஒரு கும்பிடு, சூடும் தாய்ப்பாலும்தான் முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த ஏழு, எட்டுக் கணக்கு தப்பு. 28 வாரத்துப் பிள்ளையைவிட 30 வாரத்துப் பிள்ளைக்கு நல்லது, அதைவிட 34 வாரத்துக்கு நல்லது, உள்ளே இருக்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்தான். இந்த நம்பிக்கை நம் ஊரில் மட்டும் இல்லை, பழைய கிரேக்க வைத்தியர்களே எழுதி வைத்தது. எட்டாம் மாதம் வலி வந்த பெண்ணை, ஊசி போட விடாமல், 'எப்படியும் தங்காது' என்று கூட்டிக்கொண்டு போன வீட்டை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் கொஞ்சம் கடுமையாகச் சொல்கிறேன், மன்னிக்கவும். மற்றபடி, பிழைத்தவர்கள் கதையை மட்டும்தான் நாம் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கிறோம்.

நான் மாவட்டத் தலைமை மருத்துவமனை ஒன்றில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் ஒன்பது வருடமாக வேலை செய்கிறேன். சங்கரன்கோவில் அண்ணா, அப்பா கங்காரு போடலாம். முடி இருந்தாலும் போடலாம், சிரிக்கவில்லை, மாதம் ஒருவராவது கேட்கிறார்கள். குளித்துவிட்டு வாருங்கள், சென்ட், பவுடர் வேண்டாம், முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போடுங்கள், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் இந்த நாட்களிலாவது தொடாதீர்கள். சளி இருமல் இருந்தால் அன்று வரவே வேண்டாம். கையில் இருக்கும் கயிறு, மோதிரம், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழங்கை வரை சோப்புப் போட வேண்டும். மனைவிக்கு வளையலும் சேர்த்து. கண் பட்டுவிடும் என்று மை வைக்கவோ, திருநீறு பூசவோ வேண்டாம், திருநீறு கொண்டு வந்தால் நீங்கள் பூசிக்கொள்ளுங்கள், அந்தத் தோல் இன்னும் தாளாது.

கங்காரு என்பது ஆஸ்பத்திரிக்காரர்கள் அம்மாவைச் சமாதானப்படுத்தச் செய்யும் விஷயம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது ஒரு வைத்தியம். 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டாவில், பெட்டிகள் போதாமல் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று பிள்ளைகளைப் போட்டு, நோய் தொற்றிச் சாவதைப் பார்த்துச் சகிக்காமல் எட்கர் ரே என்ற டாக்டர் பிள்ளையை அம்மாவின் நெஞ்சிலேயே கட்டிவிட்டார். ஏழை ஊரின் கைவைத்தியம் என்று ரொம்ப நாள் பெரிய நாடுகள் கண்டுகொள்ளவில்லை. 2021-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று, டெல்லி சப்தர்ஜங் மருத்துவமனையும் ஆப்பிரிக்காவில் நான்கு மருத்துவமனைகளும் சேர்ந்து செய்தது. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த மூவாயிரத்துச் சொச்சம் பிள்ளைகள். உடல்நிலை தேறும் வரை காத்திருக்காமல் பிறந்த உடனே நெஞ்சில் போட்டவர்களில், முதல் 28 நாளில் இறப்பு கால்வாசி குறைந்தது. அதற்கு அடுத்த வருடம் உலக சுகாதார நிறுவனமும் உடனே தொடங்குங்கள் என்று சொல்லிவிட்டது. உங்கள் மகனும் அந்த எடையில்தான் பிறந்திருக்கிறான். சிஸ்டர்கள் தினமும் கேட்பது அதனால்தான்.

மூக்கில் குழாய் இருக்கும்போதே போடலாம், எப்போது என்பதை அங்கே பார்க்கும் டாக்டர் முடிவு செய்வார். போட்டால் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் போடுங்கள், எடுப்பதும் வைப்பதும்தான் பிள்ளைக்கு அலுப்பு, அதனால் பத்து நிமிடத்துக்காக எழுப்பாதீர்கள். டயபர், தொப்பி, சாக்ஸ் மட்டும். நிமிர்ந்தவாக்கில், தவளை மாதிரி காலை மடக்கி, தலை ஒரு பக்கம் திரும்பி இருக்க வேண்டும், கழுத்து முன்னால் மடங்கக் கூடாது. திடீரென்று மானிட்டர் கத்தும், நடுங்காதீர்கள். இந்த வயதில் பிள்ளைகள் மூச்சு விடுவதையே மறந்துவிடுவார்கள், மூளை இன்னும் பழகவில்லை. அதற்குத்தான் காபியில் இருக்கும் அதே கஃபீனை மருந்தாகக் கொடுக்கிறோம். பாதத்தை லேசாகத் தட்டினால் பெரும்பாலும் மூச்சு திரும்பிவிடும். நாங்கள் முதலில் பார்ப்பது பிள்ளையின் நிறத்தை, மானிட்டரை அப்புறம்தான். நீங்களும் கொஞ்ச நாளில் அப்படிப் பழகிவிடுவீர்கள்.

பால் விஷயம். கொதிக்க வைத்த மூடி போட்ட பாத்திரத்தில் பிடித்து, பெயர், தேதி, நேரம் எழுதி, உடனே ஃபிரிட்ஜில் வையுங்கள், 24 மணி நேரத்துக்குள் எங்களிடம் வந்தால் போதும். பஸ்ஸில் ஐஸ் போட்ட பெட்டியில் கொண்டு வாருங்கள். புதிதாகப் பிழிந்த சூடான பாலை, குளிர்ந்த பாலோடு சேர்த்து ஊற்றாதீர்கள். காய்ச்சவே கூடாது. பத்தாமல் போனால் டின் பவுடருக்குப் போகுமுன் தாய்ப்பால் வங்கியில் கிடைக்குமா என்று கேளுங்கள். குறைமாதப் பிள்ளைக்குக் குடல் அழுகும் நோய் ஒன்று வரும், தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவு. ஆனால் 'தாய்ப்பாலில் கலக்கச் சத்துப் பொடி' என்று ஒன்று எழுதிக் கொடுத்தால் பயந்து மறுக்காதீர்கள், அது வேறு, எலும்புக்கும் எடைக்கும் தேவை.

செலவு பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அங்கே செல்லுமா என்று கேளுங்கள். முடியவில்லை என்ற நிலை வந்தால் அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பணம் வாங்குவதில்லை. ஆனால் நீங்களாகக் காரில் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், இரண்டு டாக்டர்களும் பேசிவைத்து, பச்சிளங்குழந்தைக்கான வசதி உள்ள ஆம்புலன்ஸில்தான் மாற்ற வேண்டும்.


சங்கரன்கோவில்காரன் எழுதியது:

சிஸ்டர், மல்லிகை அக்கா, ரெண்டு தடவை படித்தேன். நகை ஒரு சுற்று அடகுக்குப் போயாச்சு, அதை எழுதக் கூச்சப்பட்டேன், எப்படித்தான் கண்டுபிடித்தீர்களோ. அட்டை இருக்கிறது, நாளைக்கு முதல் வேலை அதுதான். 96, 90 கணக்கை எழுதிக் காட்டினேன். தாளை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டாள்.


ரெட்டைச்சுழி எழுதியது:

அண்ணன், யாரும் இன்னும் கண்ணைப் பற்றிச் சொல்லவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

என் மகள் 30 வாரம், 1,300 கிராம். பெரிய சிக்கல் எதுவும் இல்லாமல் 26-ம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். டிஸ்சார்ஜ் சீட்டு நாலு பக்கம், எல்லாம் ஆங்கிலம், மருந்துச் சொட்டு எப்படிக் கொடுப்பது என்று மட்டும் விளக்கினார்கள். மூன்றாவது பக்கத்தில் ஆர்.ஓ.பி. என்று மூன்று எழுத்தில் ஒரு கண் பரிசோதனை, அதற்கு ஒரு தேதி. தேதி கொழுந்தியாள் கல்யாணத்துக்கு முதல் நாள். பிள்ளை நன்றாகத்தானே பார்க்கிறாள், லைட்டைப் பார்த்தால் கண்ணைச் சுருக்குகிறாளே, கல்யாணம் முடிந்து போவோம் என்று விட்டுவிட்டோம். கல்யாண வீட்டில் சீட்டைப் பார்த்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர், கண் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர், பந்தியிலிருந்து எழுந்து வந்து என்னைத் திட்டினார். மறுநாள் காலையில் ஓடினோம். இரண்டு கண்ணிலும் லேசர் செய்ய வேண்டும், அதுவும் இரண்டு மூன்று நாளுக்குள் என்றார்கள். செய்தோம். இன்று பார்வை இருக்கிறது, கண்ணாடி போட்டிருக்கிறாள். இன்னும் ஒரு வாரம் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தக் கண் டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுத விரும்பவில்லை.

கண்ணின் உள்திரையில் ரத்தக்குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்துக்கு வளர்ந்து முடிப்பது மாதம் நிறைகிற சமயத்தில்தானாம். முன்பே வந்துவிட்ட பிள்ளைக்கு அது பாதியில் நின்று, பிறகு தாறுமாறாக வளரும். ஆக்ஸிஜன் கூடிப் போனாலும் அதைத் தூண்டிவிடும். அதனால்தான் மானிட்டரில் ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு 100 காட்டினால் சிஸ்டர்கள் சந்தோஷப்படாமல் ஆக்ஸிஜனைக் குறைக்கிறார்கள், 90-லிருந்து 95-க்குள் நின்றால் போதும் என்று. எனக்கு அன்றைக்கு இது தெரியாது, '100 இருக்கே, ஏன் குறைக்கிறீங்க' என்று சண்டை போட்டிருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது, கண் அழகாகத்தான் இருக்கும். சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரியவைத்து, டாக்டர் உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

நம் நாட்டில் 34 வாரத்துக்கு முன்னால் பிறந்தாலோ, இரண்டு கிலோவுக்குக் குறைந்தாலோ பார்த்தே ஆக வேண்டும், 30 நாளுக்குள். ஆனால் உங்கள் மகன் 1,140 கிராம். 1,200-க்குக் கீழே என்றால் 30 நாள் கணக்கு கிடையாது, இரண்டாவது மூன்றாவது வாரத்திலேயே முதல் பரிசோதனை. உங்களுக்கு இன்றைக்கு 11-ம் நாள், அதாவது இந்த வாரம் அல்லது அடுத்த வாரம். நாளை காலையில் அட்டையைக் கேட்கும்போது இதையும் கேளுங்கள். ஒரு தடவை பார்த்து 'நார்மல்' என்று சொன்னாலும் முடிந்துவிடாது, குழாய்கள் முழுசாக வளர்ந்துவிட்டன என்று அவர்களே சொல்லும் வரை கூப்பிட்ட தேதிக்கெல்லாம் போக வேண்டும். கல்யாணம், காதுகுத்து, கோவில் கொடை எதுவாக இருந்தாலும் சரி.

காது கேட்கும் பரிசோதனையும் உண்டு, அதையும் வீட்டுக்கு வருமுன் கேட்டு வாங்குங்கள். தடுப்பூசி பிறந்த தேதிப்படிதான், மாதம் குறைந்தவன் என்று தள்ளிப் போடக் கூடாது. ஆனால் கவிழ்ந்தானா, உட்கார்ந்தானா என்ற கணக்கை அவன் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு வயது வரைக்கும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு இதை விளக்கி மாளாது, நான் முயற்சியையே விட்டுவிட்டேன்.


சங்கரன்கோவில்காரன் எழுதியது:

ஆறு நாள் கழித்து எழுதுகிறேன். நேரம் இல்லை, மாறி மாறி உட்கார்ந்துகொண்டிருக்கிறோம்.

அட்டை செல்லும் என்றார்கள், முழுச் செலவும் இல்லை, ஒரு பகுதி. அதுவே மூச்சு விட இடம் கொடுத்தது. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஒரு ரூம், மாமியாரும் கூட வந்துவிட்டார். மல்லிகை அக்கா சொன்ன மாதிரி பி.பி.யைத்தான் சொன்னேன். ஆச்சி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் மாமியாரைப் பார்த்து, "பின்ன ஏன் இன்னும் உக்காந்திருக்க, துணியை எடுத்து வை" என்றார். நான் இத்தனை நாளாகப் போராடியது.

ஒன்று ஒப்புக்கொள்கிறேன், முதலில் போட்டது நான்தான். மனைவி உள்ளே வந்தாள், பெட்டி ஓட்டை வழியாகக் கையை விடச் சொன்னார்கள், விட்டாள், தொடாமல் திரும்ப எடுத்துக்கொண்டாள். "நீங்க போடுங்க, நான் பாக்கறேன்" என்றாள். சட்டையைத் திறந்து சாய்ந்து உட்கார்ந்தேன். ஒருவர் குழாயைப் பிடிக்க ஒருவர் பிள்ளையைத் தூக்கி வைத்தார். எடையே தெரியவில்லை, ஈரத்துணியை நெஞ்சில் போட்ட மாதிரி ஒரு சூடு மட்டும். இரண்டு நிமிடம் நெளிந்தான். அப்புறம் அவன் விரல்கள் என் நெஞ்சு முடியைப் பிடித்துக்கொண்டன, விடவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எடுக்கும்போது சிஸ்டர் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. வலித்தது. மனைவி சிரித்துவிட்டாள், பிரசவத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. சாயங்காலம் அவளே கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாள். நடுவில் ஒரு தடவை மானிட்டர் கத்தியது, நைட் டியூட்டி சிஸ்டர் எழுதியிருந்ததால் நான் ஓடவில்லை, அவன் உதட்டு நிறத்தைப் பார்த்தேன். அதற்குள் சிஸ்டர் வந்து பாதத்தைத் தட்டிவிட்டார்.

இப்போது எட்டு தடவை பிழிகிறாள், சராசரியாக 22 வருகிறது. அவனுக்கு 12 மில்லி ஆக்கியிருக்கிறார்கள். மிச்சத்தை ஃபிரீசரில் வைக்கிறார்கள். இன்று எடை 1,180. நேற்று 1,185 இருந்தது, ஐந்து கிராம் குறைந்ததற்கு மாமியார் மத்தியானம் சாப்பிடவில்லை.

ரெட்டைச்சுழி அண்ணன், கண் டாக்டர் வியாழக்கிழமை வருகிறார். நான் கேட்ட பிறகுதான் தேதி சொன்னார்கள், ஆனால் ஃபைலில் ஏற்கெனவே குறித்து வைத்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. முடிந்ததும் எழுதுகிறேன்.

மல்லிகை அக்காவுக்கு ஒரு கேள்வி. இங்கே கங்காருவுக்கு ஒரு எலாஸ்டிக் துணி தருகிறார்கள், அது அவளுக்கு இறுக்கமாக இருக்கிறது, தையல் மேல் படுகிறது. ஆச்சி தன்னுடைய பழைய சுங்குடிச் சேலை ஒன்றைத் துவைத்து, வெந்நீரில் போட்டு அலசி, நாலாக மடித்துக் கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை உள்ளே விடுவார்களா?